காஜாவின் பெயரில் நான்கு நாய்கள்

மோட்டார் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பாலிசி எப்படிப் போடுவது என்று சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட வேகமாகத் தட்டுவார்கள், என்னைவிடப் பொறுமையும் அதிகம். போன வருடம் ஓய்வு பெற்றவளிடம் "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்கக்கா" என்று நம் மேலாளர் கேட்டபோது, என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் எழுதப் போவது அந்தக் கெட்டிக்காரத்தனம் இழுத்துவிட்ட வினையைப் பற்றி. கடைசியில் ஜெயித்தோம், அதனால் பயப்படாமல் படிக்கலாம்.

ஒரு வண்டி நம்பரைத் தட்டினால் சில சமயம் திரையில் சிவப்புப் பட்டை வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் க்ளெய்ம் வாங்கிய வண்டி என்று அர்த்தம். அந்த வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போடலாம். அதாவது அவர் இன்னொருவரை இடித்தால் அந்த இன்னொருவருக்கு நாம் கொடுப்போம். அவர் வண்டிக்கு ஏதாவது ஆனால் அது அவர் பாடு. இரண்டுக்கும் சேர்த்து ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் மண்டல அலுவலகம் சம்மதிக்க வேண்டும், மண்டல அலுவலகம் லேசில் சம்மதிக்காது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு எப்போதும் ஒரே எண்ணம்தான் வரும். இந்த ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை காஜா மைதீன் வந்து என் எதிரே உட்கார்ந்தார். கோரிப்பாளையத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், மஞ்சள் போர்டு போட்ட சொந்த டாக்சி வைத்திருந்தார். பாலிசி சனிக்கிழமையோடு முடிகிறது, ரினீவல் போட வேண்டும் என்றார். நம்பரைத் தட்டினேன். சிவப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு க்ளெய்ம், நான்கிலும் காரணம் ஒன்றே. நாய் குறுக்கே வந்தது, வண்டியை ஒடித்துத் திருப்பியபோது பின்பக்கம் மின்கம்பத்தில் பட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இது நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"உங்க பேருல நாலு நாய் ஓடியிருக்கு பாய். மதுரையில இருக்க நாயெல்லாம் உங்க வண்டியத் தேடித்தான் வருமா?"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், நான் டயாலிசிஸ் சென்டருக்கு ஓட்டுறேன். எழுமலை, திருமங்கலம் பக்கத்து ஆளுகளக் காலையில கூட்டியாந்து, முடிஞ்சதும் வீட்டுல கொண்டுபோய் விடணும். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்க வண்டியத்தான் சென்டர்ல வச்சுக்குவாங்க. திங்கக்கெழம நான் பேப்பர் காட்டலைன்னா வேற வண்டி போட்டுருவாங்க."

"வேற கம்பெனில கேட்டீங்களா?"

"ரெண்டு எடத்துல கேட்டேன். ஒருத்தர் முடியாதுன்னுட்டாரு. இன்னொருத்தர் சொன்ன பிரீமியத்தக் கட்டணும்னா, வண்டிய வித்துத்தான் கட்டணும்."

நான் தேர்ட் பார்ட்டி விண்ணப்பத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஒரு தடவ என் வண்டியில ஏறிப் பாருங்க மேடம். அப்புறமும் முடியாதுன்னா நான் கேக்க மாட்டேன்."

"அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல பாய்."

எழுந்தவர் நாற்காலியைச் சத்தம் வராமல் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நாற்காலியைக் கூட உரசாமல் வைக்கிற மனிதர் நான்கு முறை கம்பத்தில் இடிப்பாரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு அம்மாள் நேராக என் மேஜைக்கு வந்தார். இடது கையில் கட்டு, முகத்தில் அசதி, குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எழுமலைப் பக்கம் பேச்சியம்மாள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அவருடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி மல்லிகை போட்டிருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதையெல்லாம் உட்காருவதற்கு முன்பே சொல்லி முடித்தார்.

"நீதான் எங்க டிரைவருக்கு எழுதிக் குடுக்க மாட்டேன்னவளா தாயி?"

"நாலு தடவ இடிச்சிருக்காரும்மா. எங்களுக்கு ரூல் இருக்கு."

"அவனா இடிச்சான்? இடி வாங்குனவன் தாயி அவன். அந்த நாலுல மூணு தடவ நான் வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். அங்க நாயும் இல்ல, நரியும் இல்ல."

நான் பேனாவை மூடினேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இவனுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். வேகத்தடைனு பாக்காம ஒரே தூக்காத் தூக்கிப் போட்டான். டயாலிசிஸ் ஊசி குத்துன எடம் பிச்சுக்கிட்டுச் சேல பூரா ரத்தம். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக. காஜா வந்த பெறகு ஒரு சொட்டுச் சிந்துனதில்ல. அவன எடுத்துட்டு மறுபடி அந்த மாதிரி ஒருத்தனப் போட்டா நான் எம்புட்டு நாளைக்குத் தாங்குவேன்? நீயே சொல்லு."

எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள் அந்த மனிதரை வைத்து நான் அடித்த நகைச்சுவை நாக்கில் கசந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வாங்கம்மா, நானும் வாரேன்."

நம் மேலாளர் அப்போதுதான் கிளைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என்னைவிட இருபது வயது சின்னவர். "எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்றார்.

"நாய் பிடிக்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வாசலில் வண்டி நின்றது. பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு நோயாளிகள் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். பேச்சியம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டார், நான் முன்சீட்டில். காஜா என்னைப் பார்த்து "வாங்க மேடம்" என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நிரூபிக்க வேண்டிய மனிதர் கொஞ்சமாவது பேசுவார் என்று நினைத்தேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் வண்டியை நிறுத்தினார். நம் ஊரில் மஞ்சள் என்றால் சீக்கிரம் போ என்று அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் ஒரே ஹாரன். பைக்கில் வந்தவர் பக்கவாட்டில் நுழைந்து, "தூக்கமாண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சிவப்பில் பறந்தார். காஜா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுப் பச்சை வரும்வரை நின்றார்.

திருமங்கலத்தில் ஒருவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு உசிலம்பட்டி சாலையில் திரும்பினோம். அந்தச் சாலையில் வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று காஜாவுக்கு மனப்பாடம். வருவதற்கு முன்பே "அம்மா, மேடு" என்று குரல் கொடுப்பார். பின்னால் இருப்பவர்கள் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார்கள். வண்டி கிட்டத்தட்ட நின்று, ஒரு சக்கரம் ஏறி, இறங்கி, அடுத்த சக்கரம் ஏறும். என் மடியில் திறந்து வைத்திருந்த பாட்டில் தண்ணீர் சிந்தவில்லை.

நான்காவது மேட்டில் பின்னாலிருந்து விழுந்தது இடி.

பலமான இடி இல்லை. வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ, முன்னால் போகிற கார் மேட்டில் இப்படி நிற்கும் என்று எதிர்பார்க்காமல் வந்து முட்டியது. பின்விளக்கு ஒன்று உடைந்தது. காஜா இறங்கவில்லை. முதலில் திரும்பி, "அம்மா, கை?" என்றார். பேச்சியம்மாள் கட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல ராசா" என்றார். அதன் பிறகுதான் அவர் கதவைத் திறந்தார்.

அதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து கூட்டம் வந்துவிட்டது. நம் பக்கம் வழக்கம் தெரியுமே. இடி நடந்ததைப் பார்க்காத ஒருவர்தான் முதலில் வந்து தீர்ப்புச் சொல்வார். அன்றைக்கும் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாருக்கும் அடி இல்லைல்ல? அப்ப விடுங்கண்ணே. ஸ்டேஷன் கோர்ட்டுன்னு யாரு அலையுறது? இன்சூரன்ஸ்ல பாத்துக்கங்க. மாப்ள, நீ வண்டிய எடு."

லோடு ஆட்டோக்காரருக்கு உயிர் வந்தது. "ஆமாண்ணே, இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். அவன் வீட்டுக் காசா போகுது?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"அந்த இன்சூரன்ஸ்காரி நான்தாம்ப்பா."

டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். லோடு ஆட்டோக்காரர் மட்டும் வாழைத்தாரைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தீர்ப்புச் சொன்னவரைத் தேடினால் ஆளைக் காணோம். எனக்குக் குஷி தாங்கவில்லை. அந்தக் குஷி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, ஏனென்றால் காஜா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"விட்டுருங்க மேடம். செல்வம் அண்ணே நாய்னு எழுதிக்குவாரு."

செல்வம் என்பவர் பைபாஸ் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். வண்டி அங்கே வந்தால் க்ளெய்ம் ஃபாரத்தை அவரே நிரப்பிவிடுவார். வண்டிக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஏன் பாய் நாய்னு எழுதணும்? இடிச்சது ஆட்டோதான?"

"உங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காங்களாம் மேடம். எதிர் வண்டின்னு எழுதுனா ஸ்டேஷன் பேப்பர் கேப்பாங்களாம், மாசக்கணக்கா இழுக்குமாம். நாய்னா நாலு நாள்ல முடிஞ்சிருமாம். பழைய மேடம் ஒருத்தங்க சொல்லிக் குடுத்தது."

அந்தப் பழைய மேடம் நான்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன் நான் க்ளெய்ம் மேஜையில் இருந்தேன். மேஜை நிறையக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஸ்டேஷன் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தது. இடித்தவனும் இடி வாங்கியவனும் ரோட்டிலேயே சமாதானமாகிப் போய்விட்ட பிறகு எந்த ஸ்டேஷனில் எந்தக் காகிதம் கிடைக்கும்? செல்வம் வந்து என்ன செய்யலாம் என்று கேட்டார். எப்படியும் இடி வாங்கியவர் பாலிசியிலிருந்துதான் பணம் போகப் போகிறது, இன்னொரு வண்டியை ஏன் இழுக்கிறீர்கள், நாய் குறுக்கே வந்ததென்று எழுதுங்கள் என்றேன். செல்வம் அதை மற்ற ஒர்க்‌ஷாப்புகளுக்கும் சொன்னார். கோப்புகள் பறந்தன. வேகமான மேஜை என்று எனக்கு ஒரு பரிசுக் கோப்பை கொடுத்தார்கள், அது இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிறகு நான் பாலிசி மேஜைக்கு மாறிவிட்டேன், நாய்களை மறந்தும் போனேன்.

கம்ப்யூட்டர் மறக்கவில்லை. அது இடித்தவனை எண்ணாது, க்ளெய்ம் எழுதியவனைத்தான் எண்ணும். மஞ்சளில் நிற்கிறவர், மேட்டில் ஊர்கிறவர், அவர்தான் பின்னாலிருந்து இடி வாங்குகிறார். அவர் பெயரில்தான் நாய் ஓடுகிறது. இடித்தவன் பெயர் எங்கேயும் இல்லை, அவன் க்ளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடியோடு ரினீவல் போட்டுக்கொண்டு போகிறான். இதை அந்த ரோட்டில் நின்று யோசித்தபோது எனக்கு அழுகை வந்தது. கூட்டம் பார்க்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

"இந்தத் தடவ நாய் இல்ல பாய்" என்றேன். ஆட்டோ நம்பரைப் படம் எடுத்தேன், உடைந்த விளக்கைப் படம் எடுத்தேன், டீக்கடைக்காரரிடம் பார்த்ததை எழுதி வாங்கினேன். லோடு ஆட்டோக்காரர் கெட்டவர் இல்லை. மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அவரே விளக்கை மாற்றிக் கொடுத்தார். வண்டி கிளம்பும்வரை பேச்சியம்மாள் ஜன்னல் வழியாகக் கூட்டத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த நான்கு கோப்புகளையும் எடுத்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இருந்தன. இரண்டு படங்களில் பின் பம்பர்மேல் வேறொரு வண்டியின் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது. இன்னொன்றில் இடித்த வண்டியின் நம்பர் பிளேட் பதிந்து, இரண்டு எண்கள்கூட இடவலம் மாறித் தெரிந்தன. நம் ஊர் மின்கம்பத்துக்கு நம்பர் பிளேட் எப்போது மாட்டினார்கள்? யாரும் கேட்கவில்லை. நாய் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்து தேதிகளைக் கேட்டேன். நான்கும் நோயாளிகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட பயணங்கள்.

செல்வத்திடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நீங்கதான மேடம் அப்படி எழுதச் சொன்னீங்க?"

"ஆமா செல்வம். இப்ப நானே வேண்டாங்கிறேன். நடந்தத எழுதிக் குடுங்க."

"தோண்டுனா ஒர்க்‌ஷாப் பேரும் வருமே."

"என் பேரு மொதல்ல வரும். உங்க பேரு அதுக்குப் பின்னாடி நிக்கட்டும்."

கையைத் துணியில் துடைத்தார். பிறகு காகிதம் கேட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நம் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனசுக்காரர், அவருக்கு என்னைப் பற்றித்தான் கவலை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இத ஏன் இம்புட்டுப் பெருசாக்குறீங்க? டிரைவர் திருந்திட்டாரு, டிரெயினிங் போயிட்டு வந்துட்டாருன்னு ஒரு லெட்டர் போடுவோம். கொஞ்சம் பிரீமியத்தக் கூட்டி ஒத்துக்குவாங்க. உங்களுக்கும் வம்பில்ல."

அந்த வழி பலித்திருக்கும். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த மேஜையில் உட்காருகிறவர்களுக்கு இப்படி ஒரு வழி எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அழகாக இருக்கும், அவசரத்துக்கு உதவும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் பிடித்ததும் அப்படி ஒரு வழிதான்.

"திருந்திட்டாருன்னு எழுதுனா, தப்புச் செஞ்சாருன்னு ஆகுமே தம்பி" என்றேன்.

ஆனால் இதில் ஆபத்து எனக்கு மட்டும் இல்லை. உண்மையை எழுதினால் காஜா கையெழுத்துப் போட்ட நான்கு ஃபாரமும் பொய் என்று ஆகிவிடும். மண்டல அலுவலகம் நினைத்தால் ரினீவலும் கிடையாது, வாங்கிய க்ளெய்மையும் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். அவரைக் கூப்பிட்டு இரண்டு வழியையும் ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எது எழுதுனாலும் நான் கையெழுத்துப் போடுவேன் மேடம்" என்றார் முதலில். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல. ஓட்டத் தெரியாதவன், இப்பத்தான் திருந்துனான்னு எழுதி வாங்குற பாலிசிய வச்சுக்கிட்டு எப்படி அந்தம்மாவ ஏத்துறது? உண்மைய எழுதுங்க. அல்லா பாத்துக்குவான்."

அன்று மாலைக்குள் எழுதி அனுப்பினேன். நான்கு இடியும் எப்படி நடந்தது, படங்கள், தேதிகள், செல்வத்தின் கடிதம், காஜாவின் கடிதம். கடைசிப் பக்கத்தில் முதல் நாயை அவிழ்த்துவிட்டவள் நான்தான் என்பதை, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டல மேலாளரிடமிருந்து போன் வந்தது. அவர் ஒரு வார்த்தையைக்கூடக் கூடுதலாகச் செலவழிக்க மாட்டார். அவர் பெயரைக் கேட்டாலே கிளைகளில் விசிறி நின்றுவிடும் என்பார்கள்.

"உங்க லெட்டர் படி நாலு ஃபாரமும் பொய். பாலிசி குடுக்கச் சொல்றீங்களா, கேஸ் போடச் சொல்றீங்களா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சார், நாய் வந்திருந்தாலும் ஆட்டோ இடிச்சிருந்தாலும் நாம குடுக்க வேண்டியது அதே தொகைதான். அவர் ஒரு ரூபாகூட அதிகமா வாங்கல. இடிச்சவங்ககிட்டத் திருப்பிக் கேக்குற உரிமையத்தான் நாம இழந்தோம். அதத் தூக்கிப் போட்டது அவர் இல்ல, நான்."

"இதுல உங்க கையெழுத்து இருக்கு. ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

"ஒரு வருஷம் சார்."

"தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"இந்தத் தடவ தெரிஞ்சுதான் சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"அந்த ஆள் எப்படி ஓட்டுறார்?"

என்ன சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், யார் வண்டியில முன்னாடி உக்காந்தாலும் என் வலது கால் தானா பிரேக்கத் தேடும். எங்க வீட்டுக்காரர் ஓட்டுனாலும் தேடும். அன்னைக்கு எழுமலை வரைக்கும் போனேன். ஒரு தடவகூடத் தேடல."

"ம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்த "ம்" என்ன என்று தெரியாமல் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். நம் மேலாளர் எனக்கு இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டும் ஆறிப்போயின. மூன்று மணிக்குத் திரையில் அனுமதி வந்தது. ஃபுல் இன்சூரன்ஸ், பிரீமியம் கூட்டவில்லை. இரண்டு நிபந்தனைகள்: வண்டியின் பின்பக்கம் கேமரா பொருத்த வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி எச்சரிக்கை வாசகம் எழுத வேண்டும். கூடவே எனக்கு ஒரு மெமோ. என் சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோ அதுதான். அந்தப் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் பாருங்கள்.

காஜாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஓட்டும்போது எடுக்க மாட்டேன் மேடம். இப்பத்தான் ஓரமா நிறுத்துனேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பேச்சியம்மாளின் குரல், "என்னவாம் ராசா, என்னவாம்" என்று. அவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நிமிடம் காருக்குள் கைதட்டல். டயாலிசிஸ் முடிந்து கட்டுப் போட்ட கைகளோடு யார் தட்டினார்கள், எப்படித் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எச்சரிக்கை வாசகத்தைப் பேச்சியம்மாள்தான் சொன்னார். நானும் மேலாளரும் "வேகம் குறைவாகச் செல்லும் வாகனம், இடைவெளி விட்டு வரவும்" என்று எழுதி வைத்திருந்தோம். அதைப் படித்துக் காட்டியதும், "இத எவன் நின்னு படிப்பான்?" என்று தள்ளிவிட்டார். திங்கள்கிழமை சென்டரில் பாலிசியைக் காட்டிவிட்டு வந்த வண்டியின் பின் கண்ணாடியில் பெரிய மஞ்சள் எழுத்தில் இருந்தது: நான் மேட்டுல நிப்பேன். நீயும் நில்லு.

அதன் பிறகு மூன்று மாதம் சிவப்பு வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஒர்க்‌ஷாப்புகளுக்கு நானே போய், நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கினேன். சிவப்பில் இருந்த எல்லோரும் காஜா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் வீட்டுக் கேட்டையே மூன்று முறை இடித்திருந்தார், அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் சிவப்பிலிருந்து வெளியே வந்தவர்களும் நிறையப் பேர். நீங்கள் அந்தப் பட்டையைப் பார்க்கும்போது கோபம் வந்தால் வரட்டும். கோப்பைத் திறந்து அந்தக் காரணத்தை எழுதியது யார் கை என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அது உங்கள் கையாகவும் இருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில்தான் காஜாவின் அடுத்த ரினீவல் வந்தது. நம்பரைத் தட்டினேன். வெள்ளைத் திரை. அந்த வருடம் ஒரு க்ளெய்ம்கூட இல்லை, அதற்கான தள்ளுபடி தானாகவே வந்து நின்றது. என் மேஜையில் நான் கடைசியாகப் போட்ட பாலிசி அதுதான். கையில் கொடுத்தபோது காஜா தள்ளுபடி இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு மேடம்?"

"நீங்க நல்லா ஓட்டுறதுக்கு."

"நான் அப்பவும் இப்படித்தான ஓட்டுனேன்."

"தெரியும் பாய். எங்களுக்குத் தெரிய இம்புட்டு நாள் ஆச்சு."

கடைசி நாள் மாலை மரியாதை, சால்வை எல்லாம் முடிந்ததும், எழுமலையில் வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பேச்சியம்மாள் வண்டியோடு வந்து நின்றுவிட்டார். அதே முன்சீட்டில் உட்கார்ந்தேன். திருமங்கலம் தாண்டி, அதே சாலையில், அதே நான்காவது மேடு வந்தது.

"அம்மா, மேடு."

வண்டி நின்றது. பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அது பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்து என் கை கதவைப் பிடித்தது. காஜா மட்டும் எப்போதும்போல முதல் சக்கரத்தை ஏற்றினார். டயர் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஹாரனும் நின்றது.

பேச்சியம்மாள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்தபடி மெதுவாகத் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மினி பஸ் டிரைவர் ஸ்டீயரிங்மேல் குனிந்து, உதடு அசைய, மஞ்சள் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நின்னுட்டான் தாயி" என்றார்.